அடுப்பு மூட்டாத மனோன்மணி

மனோன்மணி அக்காவை இல்லத்தில் சேர்க்கச் சம்மதம் என்று கையெழுத்து வைத்தவள் நான்தான். அண்ணன் நெருக்கினார், ஊர் கதைத்தது என்று சாக்குச் சொல்லலாம். ஆனால் பேனையைப் பிடித்தது என் கை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கேட்கிறவர்கள் என்னைப் பெரிய தியாகி என்று நினைத்துவிடுவார்கள். அப்படி நினைத்து ஏற்கெனவே இரண்டு பேர் ஏமாந்திருக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் அக்காதான் மூத்தவள். அவளுக்கு மூன்று வயது இளையவர் சிவசுப்பிரமணியம் அண்ணன். கடைக்குட்டி நான், சிவமலர். ஊர் அடம்பன் பக்கம், கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரில் நெல் விளைகிற மண். அக்கா நாலு வயதில்தான் நடந்தாளாம், ஆறு வயதில்தான் பேசினாளாம். பள்ளிக்கூடத்தில் முதலாம் வகுப்பிலேயே மூன்று வருடம் இருந்தாள். நாலாவது வருடம் வாத்தியார் அவளைக் கையில் பிடித்துக் கூட்டிவந்து, "பிள்ளை நல்ல பிள்ளை. ஆனா இனி அனுப்பாதையுங்கோ," என்று அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அக்கா அம்மாவின் சேலைத் தலைப்பை விடவில்லை. அரிசியில் கல் பொறுக்க அவளைப் போல ஆள் எங்கள் ஊரில் கிடையாது. மாடுகள் என் குரலுக்கு வராது, அவள் குரலுக்கு வரும். ஆனால் குசினியில் அம்மா அவளை ஒரு நாளும் தனியே விட்டதில்லை. கேட்டால், "நான் இருக்கிறன்தானே," என்பாள். அம்மாமார் எல்லோரும் தாங்கள் எப்போதும் இருக்கப்போவதாகத்தான் நினைக்கிறார்கள்.

அப்பா காய்ச்சலில் முன்பே போய்விட்டார். சண்டை எங்கள் பக்கம் வந்தபோது அண்ணன் வவுனியாவில் ஒரு கந்தோரில் வேலை, அங்கேயே குடும்பம். நாங்கள் மூன்று பெண்களும் சனத்தோடு சனமாக மடு, மல்லாவி, கிளிநொச்சி, விசுவமடு என்று நடந்து, கடைசியில் மாத்தளன் மணலில் போய் நின்றோம். அங்கே அம்மா செல் குண்டுபட்டுச் செத்தாள். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை.

செட்டிகுளம் முகாமில் அக்கா ஒரு பாடம் படித்தாள். யாரும் படிப்பிக்கவில்லை, ஒரே கிழமையில் தானாகவே படித்தாள். பசித்தால் கோப்பையை எடுத்துக்கொண்டு போய் நிற்க வேண்டும். பொதுக் குசினியில் இருந்து சோறு வரும். நின்றால் கிடைக்கும். மற்றவர்கள் வெயிலில் நின்று சினந்துகொண்டிருக்க, அக்கா மட்டும் கோப்பையை நெஞ்சோடு அணைத்தபடி கோயிலில் நிற்கிறவள் போல அமைதியாக நிற்பாள்.

2010இல் ஊருக்குத் திரும்பிவந்தோம். வீடு இருந்த இடத்தில் கிணறு மட்டும் இருந்தது. தகரத்தால் ஒரு கொட்டில், பக்கத்தில் ஓலையால் ஒரு குசினி. நான் கூலிக்கு வயலுக்குப் போனேன். விடியற்காலை நாலு மணிக்கு எழும்பிச் சமைத்து, இருட்டோடு வெளிக்கிட்டால் பொழுதுபட்ட பிறகுதான் வீடு. மத்தியானத்துக்கு வைத்துவிட்டுப் போகிற சோற்றை, நான் படலையைத் தாண்டுவதற்குள் அக்கா சாப்பிட்டு முடித்துவிடுவாள். ஒளித்து வைத்தேன், கண்டுபிடித்தாள். உறியில் தொங்கவிட்டேன், கதிரை போட்டு ஏறினாள். பிறகு மத்தியானம் பசிக்கும். பசித்தால் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் அவளுக்குத் தெரியுமே. கோப்பையோடு ஒழுங்கை முகப்பில் போய் நிற்பாள். சிலர் போட்டார்கள், சிலர் சிரித்தார்கள். "தமக்கையைப் பிச்சைக்கு விட்டிருக்கிறாள்," என்று என் காதுபடவே ஒருத்தி சொன்னாள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

2012 ஐப்பசி மழைக்குள் அக்கா ஒழுங்கையைத் தாண்டிப் பெருந்தெருவுக்கே போய்விட்டாள். நெல் லொறி ஒன்று அவளுக்கு ஒரு முழத்துக்கு முன்னால் வழுக்கி நின்றது. கோப்பை நசிந்தது, அவள் பிழைத்தாள். அந்தக் கிழமை அண்ணன் படிவத்தோடு வந்தார். யாழ்ப்பாணப் பக்கம் ஓர் இல்லம். நெல் அரிவி வெட்டு முடிகிற மாசி மாதத்தில் ஒரு கட்டில் காலியாகும்.

அண்ணன் கெட்டவர் இல்லை. "எனக்கு மட்டும் ஆசையே?" என்று கேட்டார். "அவ தனிய ஒரு நேரம் சமைச்சுச் சாப்பிடுவா எண்டு காட்டு. நானே இந்தப் படிவத்தை விட்டிடுவன். இல்லையெண்டா மாசிக் கடைசியில வாகனம் கொண்டு வருவன்." நான் களைத்துப்போயிருந்தேன். கையெழுத்து வைத்தேன். அக்கா பக்கத்தில் இருந்து, "வடிவா எழுதுறாய் மலர்," என்றாள்.

அதற்குப் பிறகுதான் எனக்கு நித்திரை போனது. மன்னார்ப் பட்டினத்தில், அக்காவைப் போன்ற வளர்ந்தவர்களுக்குச் சமையல் படிப்பிக்கிற நிலையம் ஒன்று இருக்கிறதென்று கேள்விப்பட்டு, மறு திங்களே அவளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். கிழமைக்கு மூன்று நாள். அந்த நாட்களில் கூலி இல்லை. பாலத்தைக் கடக்கும்போது அக்கா இரண்டு பக்கக் கடலையும் மாறி மாறிப் பார்த்து, ஏதோ ஒன்றை விட்டுவிடுவோம் என்று பயந்தவள் போல் கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருப்பாள்.

அங்கே படிப்பித்தவர் எடித் ரீச்சர். பேசாலைப் பெண், இருபத்தெட்டு வயது இருக்கும், ஈர்க்குப் போல உடம்பு. இலேசில் சிரிக்கமாட்டார். எட்டுப் பேர் படித்தார்கள். அவர்களில் மூத்தவர் அமிர்தநாயகம், ஐம்பத்தொரு வயது. பாடம் தொடங்கும்போது ரீச்சர் தன் இரண்டு கைகளையும் பின்னால் கொண்டுபோவார், அமிர்தநாயகம் அவற்றைக் குசினித் துவாயால் கட்டிவிடுவார். எனக்குப் பார்க்க விசராக இருந்தது.

"ஏன் ரீச்சர் இந்தக் கூத்து?"

"இவை பிழை விடேக்க என்ர கை பொறுக்காது. பாய்ஞ்சு செய்துபோடும். அதாலதான் கட்டுறன்."

இன்னொரு விசரும் இருந்தது. அவர் கடைசியில் இருந்து முதலுக்குப் படிப்பித்தார். முதல் கிழமை முழுவதும் அக்கா செய்தது ஒன்றே ஒன்று, வெந்த சோற்றை அகப்பையால் கோப்பையில் போட்டுச் சாப்பிடுவது. இரண்டாம் கிழமை, கஞ்சி வடித்துவிட்டுப் போடுவது. மூன்றாம் கிழமை, ஒரு பருக்கையை நசித்துப் பதம் பார்ப்பது. இப்படியே பின்னுக்குப் பின்னுக்குப் போய், அரிசியை அளந்து கழுவுவது மார்கழியில்தான் வந்தது. தலைகீழாகப் படிப்பிக்கிறீர்களே என்று கேட்டேன்.

"அரிசி கழுவுறதில தொடங்கினா சோறு வரமுன்னம் களைச்சுப்போவினம்," என்றார். "கடைசியைக் குடுத்தா ஒவ்வொரு நாளும் ஒரு வேலையை முடிச்சுப்போட்டு வீட்டை போவினம். இவையை ஆரும் எதையும் முடிக்க விட்டதில்லை."

எனக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. எங்கள் அம்மாவும் விட்டதில்லை, நானும் விட்டதில்லை.

அக்கா படித்தாள். ஒரு சுண்டு அரிசி, சிவப்புக் கோடு வரை தண்ணீர். பருப்பு வைத்தாள், சம்பல் இடித்தாள். காஸ் அடுப்பின் திருகைத் திருப்பி, "டக்" என்று நீலச் சுடர் வந்ததும் கையால் வாயைப் பொத்திச் சிரிப்பாள். தை மாதம் சான்றிதழ் கொடுத்தார்கள். ஒரு வெள்ளைக்காரர் வந்து படம் எடுத்தார். நான் அழுதேன். சான்றிதழைத் தகரத்தில் ஒட்டிவைத்துவிட்டு, மறுநாள் துணிந்து சோறு வைக்காமல் வயலுக்குப் போனேன்.

பொழுதுபட வந்து பார்த்தேன். அடுப்பு சில்லென்று கிடந்தது. பானைக்குள் அரிசி அளந்து கழுவித் தண்ணீர் சரியாக விட்டிருந்தது. மூடி போட்டிருந்தது. அரிசி ஊறிப் பொருமியிருந்தது. பக்கத்தில் அக்கா காலை மடக்கிக்கொண்டு இருந்தாள், காலையில் இருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் திரும்பவும் கோப்பையோடு ஒழுங்கையில் நின்றாள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னார்கள். கோபத்தில் சான்றிதழைக் கிழித்துப்போட்டேன். பிறகு அதற்காகவும் அழுதேன்.

எடித் ரீச்சரிடம் போய்க் கத்தினேன். "எங்கட பிழைதான்," என்றார். "ஆற்ற வீட்டிலயும் காஸ் இல்லை. எல்லா வீட்டிலயும் மூண்டு கல்லும் கொள்ளியும். நாங்கள் அதை யோசிக்கேல்லை." அன்றைக்கே காஸ் அடுப்பைச் சாக்கால் மூடிக் கட்டிவைத்துவிட்டு, நிலையத்தின் பின்புறம் மூன்று கல் வைத்தாராம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு எங்கள் வீட்டுக்கு பஸ் ஏறி வந்தார்.

"நெருப்புக்குச்சி தட்டத் தெரியாதோ?" என்று கேட்டார்.

"பின்னேரத்தில சாமி விளக்கு அவதான் கொளுத்துறா."

பக்கத்து வளவு இரத்தினம் மாமா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "சூடு கண்ட பூனை அடுப்படிக்குப் போகாது. எங்கையோ சுட்டிருக்கும்," என்றார். ரீச்சர் அக்காவின் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு தழும்பும் இல்லை. பிறகு தானே அடுப்படியில் குந்தி, காய்ந்த பனங்காவோலையை முறித்து வைத்து, மேலே இரண்டு கொள்ளி விறகை அடுக்கி நெருப்பு வைத்தார். கொள்ளி ஈரம். புகை திரண்டு, ஓலைக்குள்ளால் மேலே கிளம்பியது.

அக்கா பாய்ந்து வந்தாள். செம்புத் தண்ணீரை அப்படியே அடுப்பில் ஊற்றினாள். பிறகு ரீச்சரின் கையைப் பிடித்து, மணிக்கட்டில், இரண்டு விரலால், சுள்ளென்று ஓர் அடி அடித்தாள். அடித்துவிட்டு மேலே பார்த்தாள்.

அந்த அடியை எனக்குத் தெரியும். அது அம்மாவின் அடி.

விசுவமடுவில் பதுங்குகுழிக்குள் இருந்த நாட்களில் பகலில் அடுப்பு மூட்டக்கூடாது. புகையைக் கண்டால் கிபிர் விமானம் வரும், செல் விழும். இருட்டின பிறகுதான் சமையல். அக்காவுக்குப் பசி பொறுக்காது. பகலிலேயே சுள்ளியைச் சேர்த்துக் கொளுத்தப் போவாள். அம்மா ஓடிவந்து தண்ணீரை ஊற்றி, மணிக்கட்டில் இரண்டு விரலால் அடிப்பாள். "பகல்ல புகைச்சா எல்லாரும் சாவம். எல்லாரும்!" என்பாள். ஒரு நாள் இல்லை, மாதக்கணக்கில். மற்றதெல்லாம் அக்காவுக்கு மறந்தாலும் அம்மா அடித்துச் சொன்னது மறக்காது. அதற்குப் பிறகு எங்கள் அடுப்பில் அவள் பகலில் நெருப்பைக் கண்டதே இல்லை. நான் சமைத்தது இருட்டில், திரும்பி வந்து சமைத்ததும் இருட்டில். ஒரே ஒருமுறை, பொங்கலன்று காலை முற்றத்தில் அடுப்பு மூட்டியபோது அவள் உள்ளே ஓடிக் கட்டிலுக்குக் கீழே படுத்துக்கொண்டாள். வெடிக்குப் பயம் என்று நினைத்தேன். அவளோடு அதே குழிக்குள் இருந்தவள் நான். எனக்கு விளங்கியிருக்க வேண்டும். அவள் சோம்பலில் பட்டினி கிடக்கவில்லை. எங்களைச் சாகவிடாமல் பட்டினி கிடந்திருக்கிறாள்.

ரீச்சருக்கு இதைச் சொல்லி முடிக்க எனக்கு வெகு நேரம் எடுத்தது. அவர் நனைந்த அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "சண்டை முடிஞ்சுது எண்டு அவவுக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை. எல்லோருக்கும் தானாகத் தெரிந்துவிட்டதென்று நினைத்திருந்தோம்.

சொன்னோம். சொன்னால் ஓம் என்று தலையாட்டுவாள், நெருப்பு வைத்தால் தண்ணீர் ஊற்றுவாள். ஒருமுறை நான் கையை ஓங்கியும் விட்டேன். ரீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அடிச்சுப் படிப்பிச்சதைத்தான் இப்ப அவிழ்க்கிறம் மலர்," என்றார். பிறகு மத்தியானங்களில் அக்காவை வயல் வரம்பில் கொண்டுபோய் இருத்தினார். அங்கிருந்து பார்த்தால் ஊரின் கூரைகள் தெரியும். "அது ஆற்ற வீட்டுப் புகை?" "இரத்தினம் மாமா." "வானத்தில ஏதும் வந்ததோ?" அக்கா நெடு நேரம் பார்ப்பாள். "வரேல்லை." "அது?" இப்படி வீடு வீடாக. ரீச்சர் வராத நாட்களில் நான் கூலியை விட்டுவிட்டு அந்த வரம்பில் இருந்தேன். இரண்டாம் கிழமை ஒரு சிரட்டையில் நாலு சுள்ளி கொளுத்த விட்டாள். மூன்றாம் கிழமை அடுப்பில் காவோலை. அவள் கொளுத்தவில்லை, நான் கொளுத்த என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாலாம் கிழமை என் கையைப் பிடித்தபடி தானே குச்சி தட்டினாள். என் கை இல்லாமல் ஒரு தரம்கூட இல்லை. அதற்குள் மாசிக் கடைசி வந்துவிட்டது.

அண்ணன் சொன்னபடியே வாகனத்தோடு வந்தார். சாரதி படலைக்கு வெளியே நின்றார். அண்ணன் கையில் அந்தப் படிவம். அக்காவைக் கண்டதும் கண் கலங்கியது, ஆனாலும் பெட்டி கட்டியாச்சோ என்றுதான் என்னைக் கேட்டார்.

"முதல் சமைக்கட்டும். நீங்கள் சொன்னதுதானே," என்றேன். ரீச்சரை நினைத்து, ஒரு துவாயை எடுத்து அண்ணனிடம் கொடுத்து, என் கைகளைப் பின்னால் கட்டச் சொன்னேன். அவர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு கட்டினார்.

"அக்கா, தம்பி வந்திருக்கிறார். சமையுங்கோ," என்றேன்.

அக்கா அரிசி அளந்தாள், கழுவினாள். காவோலையை முறித்து வைத்தாள். நெருப்புப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் நின்று கையை நீட்டினாள். நான் அசையவில்லை. என் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்ததை எட்டிப் பார்த்தாள். போய் அடுப்படியில் குந்தினாள். எவ்வளவு நேரம் குந்தியிருந்தாள் என்று எனக்குத் தெரியாது. அண்ணன் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு குச்சி தட்டுகிற சத்தம் கேட்டது. புகை வந்தது. அக்கா வெளியே ஓடிவந்து வானத்தைப் பார்த்தாள், திரும்பி ஓடிப் பானையை ஏற்றினாள்.

உலை கொதித்து அரிசி புரளுகிற நேரம், கடல் பக்கமிருந்து ஒரு ஹெலிகொப்டர் வந்தது. தாழத்தான் வந்தது. தகரம் அதிர்ந்தது.

தண்ணீர் ஊற்றிய அடுப்பு சீறுகிற சத்தம்தான் எனக்கு முதலில் கேட்டது. அடுத்த கணம் அக்கா வெளியே பாய்ந்து, முற்றத்தில் நின்ற அண்ணனை இடுப்போடு பிடித்து நிலத்தில் விழுத்தி, அவருடைய தலையைத் தன் நெஞ்சுக்குக் கீழே அமத்தி, முழு உடம்பாலும் மூடிக்கொண்டாள். கந்தோர் சட்டையோடு, நாற்பது வயது மனிதர். அவர் அந்தக் குழிகளில் ஒரு நாளும் இருந்ததில்லை. ஹெலிகொப்டர் போய்விட்டது. கோழிகள் திரும்பக் கத்தத் தொடங்கிய பிறகும் அக்கா எழும்பவில்லை.

"இப்பிடித்தான் இருந்தனீங்களோ?" என்று அவளுக்குக் கீழே இருந்து அண்ணன் கேட்டார். இத்தனை வருடத்தில் அவர் அதை ஒரு நாளும் கேட்டதில்லை.

"ஓம்," என்றேன்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அண்ணன் கேட்டது ஒரு நேரச் சமையல், அடுப்பில் இருந்தது ஈரச் சாம்பல். அக்கா எழும்பி, அண்ணனின் சட்டையில் மண்ணைத் தட்டிவிட்டாள். அடுப்பைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஓடிப்போய் உதவ என் உடம்பு முழுவதும் துடித்தது. துவாய் இறுகியிருந்தது.

"அம்மா ஏசுவா," என்றாள் அக்கா.

நான் பதில் சொல்லவில்லை. எதைச் சொன்னாலும் அது என் சொல்லாகிவிடும்.

பிறகு அவளே சொன்னாள். "ஏசட்டும். தம்பிக்குப் பசிக்குது."

நனைந்த கொள்ளிகளை இழுத்து வெளியே போட்டாள். கூரைத் தாழ்வாரத்தில் இருந்து புதிதாகக் காவோலை உருவினாள். முதல் குச்சி அணைந்தது. இரண்டாவது முறிந்தது. மூன்றாவது பிடித்தது. குனிந்து ஊதினாள், இருமினாள், திரும்பவும் ஊதினாள். குசினி முழுவதும் புகை மண்டி, கூரைக்கு மேலால் பட்டப்பகலில், ஊருக்கே தெரிய, தடிப்பாகக் கிளம்பியது. இந்த முறை அவள் வெளியே வந்து பார்க்கவில்லை.

அண்ணன் படலையடிக்குப் போனார். "நீங்கள் போங்கோ. நான் பஸ்ஸில வாறன்," என்று சாரதியிடம் சொல்வது கேட்டது. திரும்பி வந்து, என் கைக்கட்டை அவிழ்க்கவும் மறந்து, நேரே குசினிக்குள் போய் அடுப்புக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார். அவருடைய தோள்கள் குலுங்கின. அக்கா அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அவரை ஒரு கணம் பார்த்தாள்.

"தள்ளி இரு தம்பி," என்றாள். "புகை கண்ணைக் கரிக்கும்."